லத்தாவில் வாங்கிய சீனா

ரங்கூனின் தாமுவே வட்டாரத்தில் கனகாம்பாளைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் தாமுவேயிலிருந்து சீனாவுக்குப் போய்த் திரும்பியவர்களில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. சீனாவுக்குப் போகாமலேயே திரும்பியவர்களுக்கு அவளை இன்னும் நன்றாகத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே சீனக் கடைத்தெருவான லத்தாவில் ஒரு சீனர் மளிகைக்கடையில் விற்பனை ஆளாக நின்றவள் அவள். கொரோனாக் காலத்தில் முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு சீனாவின் குன்மிங்கில் குடியேறிவிட்டார். கனகாம்பாள் வீட்டில் உட்கார்ந்தாள். கணவர் முரளிதரன் போட்டாதாங் துறைமுகத்தில் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளர். அதிகம் பேசமாட்டார். பேசினால் குத்தும்.

அவளுடைய தொழிலைத் தொடங்கிவைத்தவர் கீழ்வீட்டு மருமகன். கம்பெனி அவரைப் பயிற்சிக்காகக் குன்மிங்குக்கு அனுப்பியது. போனவர் தனக்கு ஷூ வாங்கினார், தன் காதுக்கு இயர்போன் வாங்கினார். மாமியாருக்கு ஒன்றும் வாங்கவில்லை என்பது விமானம் ரங்கூனில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. டாக்சியை வீட்டுக்கு விடாமல் தெருமுனையில் நிறுத்தி கனகாம்பாளுக்குப் போன் போட்டார். அவள் லத்தாவுக்கு ஓடினாள். குன்மிங்கின் ரோஜாப்பூ அப்பம், உப்பில் ஊறிய உலர்ந்த பிளம்ஸ், வட்டு வட்டாக அழுத்திய பூ-அர் தேயிலை ஆகியவற்றை வாங்கி, அவர் இயர்போன் கொண்டுவந்த விமான நிலையப் பையிலேயே போட்டுக் கொடுத்தாள். அன்று மாலை மாமியார் மாடிப்படியில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்க மருமகப்புள்ள கடை கடையா ஏறி எறங்கி வாங்கியிருக்காரு!"

ஏறி இறங்கியவள் மேல்வீட்டில் கால் வீங்கிப் படுத்திருந்தாள்.

பிறகு ஆட்கள் தாமாகவே வந்தார்கள். இப்படிப்பட்ட சேதியை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. கனகாம்பாள் தொழிலை ஒழுங்காகச் செய்தாள். இறக்குமதிச் சரக்கின் முதுகில் பர்மிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்; அதைக் கெட்டில் ஆவியில் காட்டி, காகிதம் கிழியாமல் உரிப்பாள். உண்மையாகவே சீனாவுக்குப் போய்வந்தவர்களிடம் பழைய பைகளைக் கேட்டு வாங்கி, மடித்து மெத்தைக்கு அடியில் வைப்பாள். "நிலாக் கேக்கைச் சீனங்க நிலாப் பண்டிகை மாசத்துல மட்டும்தான் குடுக்கணும். கண்ட மாசத்துல குடுத்தீங்கன்னா மாட்டிக்குவீங்க" என்று பாடமும் சொல்லி அனுப்புவாள்.

வாங்கிப்போகிறவர்கள் மேல் அவளுக்கு மரியாதை கிடையாது. கொடுக்கப்படுகிறவர்கள் மேல் அதைவிடக் குறைவு. அந்தத் தேயிலை வட்டுக்கு என்ன கதி நேர்கிறது என்று அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டில் அதைக் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் நிறுத்திவைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் சுத்தியலால் உடைத்து, டின்பால் ஊற்றிக் கொதிக்கவிட்டு, "சைனா டீ நம்ம லபெயே பால் டீ மாதிரி வராது" என்று தீர்ப்புச் சொன்னார்கள். குடிப்பதற்குத் தெருமுனைக் கடையின் பால் தேநீர், காட்டுவதற்குச் சீனத் தேநீர் என்று ஊரே ஏற்பாடு செய்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் அப்பாசாமி வந்தார்.

அப்பாசாமி அங்கே ஒரு தமிழர் சங்கத்தின் தலைவர். மேடை என்றால் ஏறுவார். மாலை என்றால் குனிவார். சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத வியாபாரிகள் குழு ஒன்று சீனாவுக்குப் போகிறது, அதில் தானும் போகிறேன் என்று அவர் அறிவித்ததும் சங்கம் வழியனுப்பு விழா நடத்தியது. ரோஜா மாலை, பொன்னாடை, குழுப்படம் எல்லாம் ஆயிற்று. புறப்படுகிற அன்று காலையில்தான் தெரிந்தது, அவருக்கு விசா வரவில்லை. குழு போய்விட்டது. மாலை வாடுவதற்குள் வீட்டுக்குத் திரும்பினால் ஊர் சிரிக்கும். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக நகரின் மறுகோடியில், க்யிம்யிண்டைங்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் ஒளிந்துகொண்டார். அங்கிருந்தபடியே சங்கத்தின் வைபர் குழுவுக்கு தினமும் ஒரு பனிமலைப் படமும் "குளிர் தாங்கவில்லை" என்ற செய்தியும் அனுப்பினார். தங்கை வீட்டில் கரண்ட் இல்லாமல், அவர் பனியனோடு விசிறிக்கொண்டிருந்த நேரம் அது.

திரும்பிவர வேண்டிய நாள் நெருங்கியதும் தொப்பி, முகமூடி, கறுப்புக்கண்ணாடி சகிதம் கனகாம்பாள் வீட்டுப் படியேறினார்.

"கனகாம்பா, இது யாருக்கும் தெரியக்கூடாது."

"படியில யாராச்சும் பாத்தாங்களா, தலைவரே?"

"கீழ்வீட்டு மருமகன் பாத்துட்டாரு."

"அவரு பேசமாட்டாரு" என்றாள் கனகாம்பாள்.

அப்பாசாமி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "எனக்கு முழு சைனாவும் வேணும்."

"குழு எந்த ஊருக்குப் போயிருக்கு?"

"குன்மிங், டாலி."

"ரெண்டும் யூன்னான் மாகாணம். அப்ப அந்தச் சாமான் மட்டும் எடுங்க. பூ-அர் தேயிலை, ரோஜாப்பூ அப்பம், வால்நட். பாக்க அழகா இருக்கும், கேட்டா பதிலும் சொல்லலாம்."

"அதையா? அதைத்தான் இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் வச்சிருக்கானே. தலைவன் போயிட்டு வந்தா தலைவன் மாதிரி இருக்கவேணாமா? பெய்ஜிங் சாமான் வேணும்."

"பெய்ஜிங் எங்க இருக்கு, குன்மிங் எங்க இருக்கு, தலைவரே. ரயில்ல போனாலே பொழுது போயிடும்."

"நம்ம ஆளுங்களுக்கு மேப்பா தெரியும்?"

கனகாம்பாள் பையை எடுத்தாள். அவளும் இத்தனை காலம் அதை நம்பித்தானே பிழைத்தாள். லத்தாவுக்குப் போய்ச் சீனாவையே அள்ளிக்கொண்டு வந்தாள். ஹாங்சோவின் லோங்ஜிங் பச்சைத் தேயிலை, ஃபூஜியனின் தியெகுவான்யின் தேயிலை, சிஞ்சியாங்கின் பச்சைத் திராட்சை, பெய்ஜிங்கின் பாகில் ஊறிய பழத்துண்டு. அப்பாசாமி சந்தோஷமாக எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். இத்தனையும் வாங்க வேண்டுமென்றால் அவர் அந்த ஒரு வாரத்தில் தூங்காமல் அந்த நாட்டை நான்கு மூலைக்கும் ஓடிக் கடந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சிவப்புப் பொட்டலத்தை எடுத்தார். பளபளவென்று தங்க எழுத்து. "இது?"

"வென்சோ ஊர் வாத்து நாக்கு. மசாலால ஊறப்போட்டு காயவச்சது. உங்க தங்கச்சி வீட்டுக்காரர் குடிக்கும்போது கடிக்க ஏதாச்சும் கேட்டார்னு சொன்னீங்களே, அதுக்கு. சங்கத்துல குடுத்துடாதீங்க. பொட்டலத்துல படம் ஏதும் இல்ல, பாத்துக்கோங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பாசாமி. தெரியாதவர்கள் எல்லாரும் சொல்வது அதைத்தான்.

போகும்போது இன்னொரு காரியமும் செய்தார். கனகாம்பாளுக்கு ஏன் கூலி கொடுக்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இன்னும் தேவைப்பட்ட டப்பாக்களைத் தானே லத்தாவுக்குப் போய் வாங்கிக்கொண்டார். சீட்டு உரிக்கிற வித்தை அவருக்குத் தெரியாது. அப்படி ஒரு சீட்டு இருப்பதே தெரியாது.

விழா ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேல் அப்பாசாமி ஒரு மணி நேரம் பேசினார். சீனர்களின் சுறுசுறுப்பைப் புகழ்ந்தார். குளிரில் தன் மூக்கு சிவந்ததை விவரித்தார். பிறகு பரிசுகள் வழங்கப்பட்டன. கனகாம்பாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தான் கட்டிக்கொடுத்த பொட்டலங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறுவதைப் பார்த்தாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த தாய் மாதிரி கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சங்கத்தில் கணக்கு எழுதும் கலாவுக்கு ஒரு தேயிலை டப்பா கிடைத்தது. இருபத்துமூன்று வயதுப் பெண். தமிழ் பேசினால் திக்கும். பர்மிய எழுத்தைக் கண்டால் வாய் தானாகப் படித்துவிடும். டப்பாவைத் திருப்பினாள். சத்தமாகப் படித்தாள்.

"தலைவர் மாமா, இதுல பர்மா எழுத்துல எழுதியிருக்கே. இறக்குமதி செஞ்சவர்... லத்தா, ரங்கூன்னு போட்டிருக்கு."

மண்டபம் அடங்கிப்போனது. ஜெனரேட்டர் மட்டும் இரைந்தது. கனகாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள், அப்பாசாமி தன்னைக் கைகாட்டப்போகிறார், அத்துடன் தொழில் முடிந்தது என்று நினைத்தாள். தலையைத் தூக்கி மண்டபத்தைப் பார்த்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. கீழ்வீட்டு மருமகன் தன் ஷூவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொருளாளர் கைக்கடிகாரத்தைத் துடைத்தார். முன்வரிசையில் பாதிப்பேர் போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ அவள் வீட்டுப் படியில் தொப்பியோடு ஏறியவர்கள்தான். ஒரு சீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது எந்தெந்த வீட்டு அலமாரி வரைக்கும் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த அமைதியை அப்பாசாமி தன் மேல் உள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டார். ஒலிவாங்கியை நெருங்கினார்.

"பாத்தீங்களா? நம்ம நாட்டு ஆளுங்க வருவாங்கன்னு தெரிஞ்சி, அங்கயே பர்மிய எழுத்துல அடிச்சி வச்சிருக்கான். நம்ம ரங்கூன் விலாசத்தோட! அதான் சைனா! அதான் வளர்ச்சி!"

பொருளாளர் முதலில் கைதட்டினார். பிறகு மண்டபமே தட்டியது. இவ்வளவு மனமார அந்தச் சங்கத்தில் யாரும் கைதட்டி கனகாம்பாள் பார்த்ததில்லை. கலா மட்டும் சீட்டை இன்னொரு தடவை படித்தாள். பக்கத்தில் இருந்த அவள் அம்மா டப்பாவைப் பிடுங்கிப் பைக்குள் வைத்தாள்.

கனகாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். முதல் வரிசையில் மகளிர் அணித் தலைவி ரத்தினம்மாள் எதையோ மென்றுகொண்டிருந்தார். கையில் தங்க எழுத்துப் போட்ட சிவப்புப் பொட்டலம் திறந்திருந்தது. இருந்ததிலேயே ஜோராகத் தெரிந்ததால் தலைவர் அதை அவருக்கென்று ஒதுக்கியிருக்கிறார். ரத்தினம்மாள் சுத்த சைவம். முட்டை வெந்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் யாரும் கேட்காமலே சொல்கிறவர்.

"என்னா ருசி!" என்றார் ரத்தினம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், ஜெனரேட்டரை மிஞ்சிய குரலில். "சைனாக் காளான். நடுவுல தண்டு கொஞ்சம் முறுக்குன்னு இருக்கு."

மேடையிலிருந்து அப்பாசாமியும் பார்த்துவிட்டார். அப்போதுதான் அவருக்கு அந்தப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. கனகாம்பாளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவளுக்கும் அதுதான் லாபம். கைதட்டல் எல்லாவற்றையும் மூடிவிட்டது, இதையும் மூடிவிடும். ஆனால் பொய்ப் பை கொடுப்பது வேறு, தெரியாமல் ஒரு சைவக்காரி வாயில் கறி விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு என்று அவளுக்குத் தோன்றியது. ரத்தினம்மாளை அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காததால் சும்மா இருந்துவிட்டோம் என்று ஆகக்கூடாது, அதனால் கட்டாயம் சொல்லியாக வேண்டும் என்று பட்டது. எழுந்து போய்க் குனிந்து காதருகே சொன்னாள்.

"அக்கா, அது காளான் இல்ல. வாத்து நாக்கு. துப்பிடுங்க."

ரத்தினம்மாளின் தாடை நின்றது. கண் மட்டும் இடமும் வலமும் போய்வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதியானதும் தாடை மறுபடி அசைந்தது. விழுங்கினார். பொட்டலத்தின் வாயை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"காளான் ரொம்ப நல்லா இருக்கு, தலைவரே!" என்று மேடையைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து கனகாம்பாள் நடந்ததையெல்லாம் சொன்னாள். முரளிதரன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "இத்தனை பேருக்கு வாங்கிக் குடுக்குறியே. நீ ஒரு தடவ சைனா போயிட்டு வரவேண்டியதுதானே?"

"போயிட்டு வந்தா எல்லாருக்கும் வாங்கிட்டு வரணும்" என்றாள் அவள்.

இரண்டு வாரம் கழித்து ரத்தினம்மாள் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. வந்தவர் ஊர்க்கதை பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், அப்பாசாமியை மறுபடியும் ஒருமனதாகத் தலைவராக்கியதைச் சொன்னார். அடுத்த மாதம் சீனா பற்றித் தலைவர் பேசப்போகும் கூட்டத்துக்கு அழைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கனகா, அந்தக் காளான் கெடைக்குமா? பேரன் கேக்குறான்."

கனகாம்பாள் உள்ளே போய் யூன்னான் உலர்காளான் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். ரத்தினம்மாள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது இல்ல. அன்னைக்குத் தலைவரு குடுத்தாரே, அது."

"அது காளான் இல்லையே, அக்கா. காளான் கேட்டா காளான்தான் குடுப்பேன். வேற ஏதாச்சும் வேணும்னா அதும் பேரைச் சொல்லிக் கேளுங்க."

"அதுக்கு என்னா பேரு, எனக்கு மறந்துபோச்சி."

"ஞாபகம் வரும்போது வாங்க."

ரத்தினம்மாள் காளானோடு எழுந்து வாசல்வரை போனார். கோபத்தில் முதுகு விறைத்திருந்தது. கதவுப் பிடியில் கை வைத்தவர் அங்கேயே நின்றார். படியில் யாருடைய செருப்புச் சத்தமாவது கேட்கிறதா என்று காது கொடுத்தார். கேட்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வாத்து நாக்கு" என்றார். "ரெண்டு பொட்டலம். காரம் கூட இருந்தாலும் பரவால்ல."