ரெண்டு அமெரிக்கக் கவிஞர்களும் எங்கள் வாய்க்கால் தண்ணீரும்

போன மாதம் ஒரு காலை. காலேஜில் இங்கிலீஷ் நடத்தும் என் மருமகள் கூடத்தில் உட்கார்ந்து அன்றைய பாடத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். அதனால் என்ன? வெறும் கையோடு ஆரம்பித்து எட்டு ஏக்கர் நெல்லும் முந்நூறு தென்னையும் உண்டாக்கியவன். தெரியாததைக் கேட்க எனக்கென்ன வெட்கம்? யாரைப் பற்றிப் பாடம் என்று கேட்டேன்.

ரெண்டு அமெரிக்கக் கவிஞர்களாம். ஒருத்தர் ஊர் ஊராகச் சுற்றியவர். ஒரு வரி ஆரம்பித்தால் பக்கத்தின் ஓரம்வரை ஓடி, மடங்கி, மறுபடியும் ஓடும். தன்னைப் பற்றியே பாடுவார் — கூச்சமே கிடையாது. இன்னொருத்தர் பெண். வீட்டு வாசலைத் தாண்டுவதே அபூர்வம். நாலு வரிதான் எழுதுவார். எழுதியதை யாருக்கும் காட்டவும் மாட்டார்.

எனக்கு யாரைப் பிடித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

"மொத ஆளு உங்களுக்குச் சொந்தமாட்ட இருக்குதுங்க மாமா" என்றாள் மருமகள். அப்படியானால் அந்த அம்மா? அவள் சமையல்கட்டைக் கண்ணால் காட்டினாள். உள்ளே என் மனைவி, சத்தமில்லாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் எங்களுக்குச் சோதனை. வாய்க்காலோரம் மூன்றரை ஏக்கர் நெல், கதிரில் பால் பிடிக்கும் நேரம். வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர் எங்கள் மடைக்கு வரவில்லை. இன்னும் நாலைந்து நாள் காய்ந்தால் அத்தனையும் பதர். இரிகேஷன் ஆபீசுக்கு மனு எழுத உட்கார்ந்தேன். புதிதாகக் கிடைத்த அமெரிக்க குரு சும்மா விடுவாரா? பேனா ஓடியது... நாலு பக்கம். நான் மேடு திருத்தியது, நான் தென்னை வைத்தது, கருங்கல்லை வெடி வைத்துப் பிளந்து நான் தோண்டிய, எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு — ஒன்றையும் விடவில்லை.

அங்கே ஓவர்சியர் மலையாளத்துக்காரர், நல்ல மனுஷன். நாலு பக்கத்தையும் படித்தார். அங்கேதான் வந்தது வினை. கிணறு இல்லாத வயலுக்குத்தான் முதலில் தண்ணீர் முறையாம். என் பேரைக் கடைசியில் போட்டார். அந்தக் கிணறு வற்றி மூன்று வருஷமாகிறது என்று பதறினேன். அவர் என் கையெழுத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"இது நிங்கள் எழுதினதுதானே பெரியவரே?"

நான்தான். என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"ஏனுங்க, வத்துன கெணத்த எதுக்குங்க எழுதுனீங்க?"

"தோண்டுனது நாந்தானே?"

"தோண்டுனீங்க, செரி. தண்ணி இருக்குதுன்னு ஆரு எழுதச் சொன்னாங்க?"

கிழிந்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் எழுதினாள். கதிர் பால் பிடிக்கிறது. கிணற்றில் தண்ணீர் இல்லை, வந்து பாருங்கள். நாலு நாள்தான் தாங்கும். கீழே கையெழுத்து. அந்த வயல் அவள் பேரில்தான் இருக்கிறது. என் நாலு பக்கத்தில் அதற்கு மட்டும் இடமில்லாமல் போயிருந்தது!

மருமகளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய்க் கொடுத்துவிட்டு, பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டாள். மறுநாள் ஓவர்சியரே வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு கல்லைப் போட்டார். 'டொக்' என்றது. மூன்றாம் நாள் காலை எங்கள் மடையில் தண்ணீர்.

யோசித்துப் பார்த்தால், அந்த ரெண்டு கவிஞர்களும் அமெரிக்காவில் மட்டுமா இருக்கிறார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் கல்யாணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீளமாகப் பாடுகிறவருக்குக் கைதட்டல் விழுகிறது. அளந்து சொல்கிறவருக்குக் காரியம் நடக்கிறது. அதற்காக என் ஆளை நான் விட்டுக்கொடுத்துவிடுவேனா? மடை திறந்த அன்று வரப்பில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் கதை சொன்னது யார்? அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

இதை எழுதப் போகிறேன் என்றதும் அவள் சொன்னது ஒன்றுதான்: "எம்பேரைப் போட்றாதீங்க."

போடவில்லை. மிச்சமான இடத்தில் என் பேரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.