மோட்டாருக்குக் கொடுத்த மரியாதை

எலப்புள்ளியில் எங்கள் வீட்டுக்கு மின்சார மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர். மூக்கு நுனியில் கண்ணாடி தொங்கியது.

நான் தையல் மெஷின் முன்னால் அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். ஆன்லைனில் வாங்கி மாட்டிய புது சர்வோ மோட்டார் சக்கரத்தை எதிர்த்திசையில் சுற்றியது. செட்டிங் விவரம் இருந்த தாளில் முழுக்கச் சீன எழுத்து. கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டை அன்று சாயங்காலம் கொடுத்தாக வேண்டும்.

"சனியன், எதை அமுக்குனாலும் கேக்க மாட்டேங்குதுங்க," என்றேன்.

மோட்டாரை நான் திட்டியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க, வந்த அன்னைக்கே சனியன்னு வஞ்சா, அவிங்களுக்கு ஒழுங்கா ஓடோணும்னு தோணுமுங்களா?"

தரையில் குந்தி, மோட்டாரின் சின்னத் திரையைப் பார்த்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் சுத்துறீங்களா?" என்று கேட்டார். ஒவ்வொரு பொத்தானை அழுத்தும் முன்பும், "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. நான் பெடலை மிதித்தால் மெஷின் குதித்தது. "மெதுவாப் போலாமுங்க, அவசரமில்லீங்க," என்று அதைச் சமாதானப்படுத்தினார். அவசரம் எனக்கல்லவா இருந்தது!

கடைசியில் சக்கரம் என் பக்கமாகச் சுழன்றது. தையல் நேராக விழுந்தது.

"எந்த நம்பரை மாத்துனீங்க?" என்று கேட்டேன்.

"நானெங்கங்க மாத்துனேன்? அவிங்களாத் திரும்பிக்கிட்டாங்க."

போகும்போது மோட்டாரைப் பார்த்து, "வரட்டுங்களா?" என்று விடைபெற்றார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜாக்கெட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.