தங்கை ஊர் வராத சைக்கிள் வழி

உக்கடம் பெரியகுளத்தை நானும் மனைவியும் சைக்கிளில் சுற்ற ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பம்ப்செட் கம்பெனி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற கையோடு ஆளுக்கொரு கியர் சைக்கிள் வாங்கியிருந்தோம். டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னது அவளைத்தான், கூடச் சேர்ந்து மாட்டிக்கொண்டது நான். ஒருநாள் காலையில் குளக்கரையில் இளநீர் குடித்துக்கொண்டே அவள் கேட்டாள்: "இதையே எத்தன நாளைக்குங்க சுத்தறது? இன்னும் கொஞ்சம் பெரிய தண்ணியாப் பாத்துச் சுத்தலாமுங்க."

அவள் மனசில் இருந்த பெரிய தண்ணீர், மேட்டூர் அணை.

நான் முப்பது வருஷம் மெஷின் படம் வரைந்து சம்பளம் வாங்கியவன். திட்டம் போடச் சொல்லிவிட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அன்றைக்கே கிராஃப் தாளை விரித்துவிட்டேன். அவினாசி, பெருந்துறை, பவானி வழியாக மேட்டூர் பக்கம் போவது. கொளத்தூர் தாண்டிப் பண்ணவாடியில் சைக்கிளோடு படகேறி, அக்கரையில் நாகமரையில் இறங்குவது. அங்கிருந்து மேச்சேரி வழியாக மேட்டூருக்கு வந்தால் ஒரு சுற்று முடிந்தது. போக வர எல்லாம் சேர்த்து ஆறு நாள் கணக்கு.

ஆடியில் கிளம்பலாம் என்றாள் அவள். ஆடியில் பாலக்காட்டுக் காற்று முதுகைத் தள்ளும், போகும்போது சுகம்தான், திரும்பும்போது அதே காற்று மூஞ்சியில் அறையும் என்று சொல்லித் தை மாசத்துக்குத் தள்ளினேன். சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கப்போடத் தார்ப்பாய்ப் பை தைக்கக் கொடுத்தோம். அளவைப் பார்த்த டெய்லர், "ஏனுங்க, கழுதைக்குங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, ரெண்டு கழுதைங்க" என்றாள் என் மனைவி. அவள் அந்தப் பைக்குள் சின்னக் குக்கர் ஒன்றை வைக்கப் பார்த்ததும், நான் எடுத்து வெளியே வைத்ததும், அவள் மறுபடி வைத்ததும் தனிக் கதை. அந்த மார்கழி முழுக்க வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவள் என் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பவானியிலிருந்து மேட்டூருக்குக் காவிரியை ஒட்டியே நேர் ரோடு இருக்கிறது. என் கோடு அதில் போகவில்லை. அந்தியூர், வெள்ளித்திருப்பூர் என்று மேற்கே வளைந்து, மலையடிவாரமாகப் போய்க் கொளத்தூரில் சேர்ந்தது. தூரமும் கூடுதல், ஏற்றமும் கூடுதல்.

"இது என்னங்க, இங்க வந்து இப்படி நெளியுது?"

"அந்தப் பக்கம் நெழல் ஜாஸ்தி" என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நேர் ரோட்டில், அம்மாபேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், என் தங்கையின் ஊர் இருக்கிறது. வீடும் ரோட்டு மேலேயே. சொந்தக்காரர் ஊர் வழியாகப் போகிறவன் அந்த வீட்டில் ஏறி ஒரு டம்ளர் தண்ணீராவது குடிக்காமல் போனால், எங்கள் பக்கம் அது சின்னக் குற்றமில்லை. நானோ ஏற முடியாதவன். தங்கையோடு பேச்சு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது.

அவள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமனைப் புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து அவள் மாமியார் ஆஸ்பத்திரியில். பத்திரிகை தபாலில் வந்தது, கூடவே ஒரு போன். "தபால்காரர் அழைச்சா நான் போகோணுமா?" என்று குதித்தேன். மனைவி மட்டும் போய்விட்டு வந்தாள். நான் செய்ய வேண்டிய சீரைப் பெரியப்பா மகன் செய்தாராம். மாமியார் முடியாமல் கிடந்தது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டேதான் வீம்பு பிடித்தேன். போகப்போகக் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது, வெட்கம் மட்டும் நின்றுவிட்டது. எந்த முகத்தோடு அந்த வாசலில் சைக்கிளை நிறுத்துவது? அதனால்தான் அந்தியூர் வழி.

மனைவி என்ன செய்தாள் என்றால், அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். பெருந்துறைச் சித்தி மதியச் சோறு எங்கள் வீட்டில்தான் என்றாள். பவானி மாமா ஒரு நாள் தங்காமல் விடமாட்டேன் என்றார். ஆறு நாள் திட்டம் எட்டு நாளானது. தங்கை மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அவள் பார்த்துவிட்டாள் என்று மட்டும் போன் காட்டியது. எனக்கு வேலை ஓடவில்லை, போனைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"அண்ணா, நாந்தானுங்க."

"சொல்லு அம்மணி."

"படத்தப் பாத்தனுங்க. வெள்ளித்திருப்பூர்ப் பக்கம் போகாதீங்ண்ணா. இப்பெல்லாம் பொழுதெறங்குனா யானை ரோட்டுக்கே வந்துருதுங்க. அண்ணியும் கூட வாராங்க."

"வெளிச்சத்துலயே தாண்டிருவோம்."

சமையல் குறிப்பு சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள் தங்கை.

"நேர் ரோட்டுலயே போயிருங்ண்ணா. எத்தன மணிக்கு எங்க ஊரத் தாண்டுவீங்கன்னு மட்டும் அண்ணிய எங்கிட்டச் சொல்லச் சொல்லுங்க. அந்நேரத்துக்கு நாங்க கதவச் சாத்திப்போட்டு உள்ளார இருந்துக்கறமுங்க. ஊட்டுல ஆளிருந்தாத்தான நீங்க எறங்கோணும்? பூட்டுன ஊடுன்னா நீங்க பாட்டுக்குப் போயிரலாமுங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

நான் குதித்த குதிக்கு அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் யானை வரும் ரோட்டில் போகக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. அதற்காகத் தன் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ள நேரம் கேட்கிறாள்.

"கல்யாணத்துக்கு நான் வராதது தப்பு அம்மணி" என்றேன். நாலு வருஷமாக வாயில் வராதது, சொல்லும்போது அத்தனை கஷ்டமாக இல்லை. "கதவச் சாத்தாத. நாங்க உங்கூட்டுக்குத்தான் வாரோம். அன்னைக்கு ராத்திரி அங்கயேதான் தங்கறோம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. நானும் சத்தம் காட்டாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாங்கள் கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"சைக்கிள் ரெண்டையும் உள்ளார நிறுத்தோணுமுங்களே" என்றாள் தங்கை. "இன்னைக்கே எடத்த ஒழிச்சுப்போடறனுங்ண்ணா."