படையலுக்கு ஒரு போத்தல்

செத்துப்போன அண்ணையின் எட்டாம் நாள் சடங்கு நாளைக்கு. வாளி வாங்க இன்று அரியாலையில் ஒரு கடைக்குப் போனேன்.

எனக்கு முன்னால் நின்றவர் கசிப்பு, அதுதான் கள்ளச் சாராயம், காய்ச்சுகிறவர். ஊருக்கே தெரியும். பீப்பாய் மாதிரி ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொதிக்கக் கொதிக்க ஊத்தினால் தாங்குமோ?”

“நெளியும். சூட்டுக்குப் பிளாஸ்ரிக்கும் கரைஞ்சு உள்ளை இறங்கும். சில்வர் அண்டா எடுங்கோ,” என்றார் கடைக்காரர்.

காய்ச்சுகிறவர் பரலை விட்டுவிட்டார். “அப்ப வேண்டாம். குடிக்கிற சனத்துக்கு ஒண்டும் வரக்கூடாதெல்லோ.”

அண்ணை அவரிடம்தான் வாங்கிக் குடித்தார். ஈரல் கெட்டுத்தான் செத்தார். எனக்குக் கோபம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

எட்டுக்குச் செத்தவர் விரும்பியதையெல்லாம் படைக்க வேண்டும். கசிப்பையும் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார்.

“அண்ணைக்குப் படைக்க ஒரு போத்தல் வேணும்,” என்றேன் அவரிடம்.

அவர் ஒரு சில்வர் அண்டாவை எடுத்துக்கொண்டு சொன்னார்:

“பின்னேரம் கொண்டுவந்து தாறன். பிளாஸ்ரிக் படாதது, பயப்பிடாதை தங்கச்சி.”

“ஓம்” என்று சொல்லிவிட்டு வாளியோடு வந்துவிட்டேன்.

அண்ணைக்கு இனி என்ன வந்துவிடும் என்று நான் பயப்பட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.