முந்தி விழுந்த பூ

கணினி விளையாட்டில் என் நீர்மூழ்கி விட்ட டார்பிடோக்கள் எல்லாம் குறி தப்பி, ஓடும் சரக்குக் கப்பலுக்குப் பின்பக்கமாகவே போயின. கடைசி ஒன்றை, வேகத்தைக் கணக்கிட்டு, கப்பலுக்கு முன்னால் குறிவைத்து விட்டேன். பாழாய்ப்போன கப்பல் சட்டென்று நின்றுவிட்டது. டார்பிடோ வெறுங்கடலுக்குள் போனது.

பிள்ளையார்பாளையத்தில் சாமி ஊர்வலத்தன்றும் இதே எரிச்சல்தான். சின்ன வயதில் மாடியிலிருந்து சாமி பல்லக்கைப் பார்த்து ஈரச் சாமந்தியை வீசுவேன். பின்னால் பாடி வரும் ஓதுவார் தலையில்தான் விழும்.

“சாமி போயிடுச்சு, இப்பதான் பூ வருதா?” என்று அக்கா சிரிப்பாள்.

ஒரு வருடம் முன்கூட்டியே வீசினேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெரியம்மா கத்தினாள்: “நிறுத்துங்கப்பா! கற்பூரம் ஏத்திக்கினு வரேன்!”

பல்லக்கு நின்றது. பூ வெறும் தெருவில் விழுந்தது.

கப்பல் இன்னும் நிற்கிறது. நடுக்கடலில் இதற்கு எந்தப் பெரியம்மா கற்பூரம் காட்டுகிறாள்?