கிளி போட்ட கதவு

எங்கள் வீட்டுச் சமையலறையை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போன காலம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிவிட்டு, "மரம் மரமாவே இருக்குதே" என்பார்கள். நாமக்கல் பக்கம் அப்போது சமையலறை என்றால் கரி ஏறிய சுவரும் இரண்டு பலகைத் தட்டும்தான். அப்பா ரிக் வண்டி வாங்கி, ஊர் ஊராய் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சம்பாதித்து, ஓட்டு வீட்டை இடித்துத் தார்சு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் யார் வீட்டிலோ, நின்றபடி சமைக்கும் மேடையையும் பெயிண்ட் அடிக்காமல் எண்ணெய் மட்டும் தேய்த்த மர அலமாரிகளையும் பார்த்துவிட்டு வந்தார். அதே மாதிரி நமக்கும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மரத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. மாட்டுக்கொட்டகை அட்டாலியில், கூரைக்கடியில் கட்டிய பரணில், வாகைப் பலகைகள் அடுக்கியிருந்தன. அவை என் அத்தையின் பலகைகள். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. அவள் பெரியவளான வருஷம் கிணற்றுமேட்டு வாகையை வெட்டி அறுத்து, கல்யாணச் சீருக்குக் கட்டிலும் பீரோவும் செய்ய வேண்டும் என்று ஏற்றி வைத்தார்களாம். பிறகு ஜேடர்பாளையத்தில் ஒரு மாப்பிள்ளை முடிவானார். ஆசாரி கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் மூக்கோடு மூக்கு உரசும் இரண்டு கிளிகளைச் செதுக்கி முடித்த சமயம், மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் பெண் எடுத்துக்கொண்டார்கள். கிளிகள் மறுபடியும் அட்டாலி ஏறின.

ஒவ்வோர் ஆடியிலும் அத்தை அந்தப் பலகைகளை இறக்கி, வேப்பெண்ணெய் தடவி, வெயில் காட்டி ஏற்றுவாள். அட்டாலியில் பலகை கிடக்கும்வரை அந்த வீட்டில் கட்டிக்கொடுக்கப் பெண் இருக்கிறாள் என்று ஊருக்கு அர்த்தம். எட்டு வயதில் எனக்கு அது தெரியாது. கட்டில் செய்தால் அத்தை போய்விடுவாள் என்பது மட்டும் தெரியும். அதனால் பலகைகளைச் சமையலறைக்கு இறக்கச் சொன்ன அன்று குதியாட்டம் போட்டேன். அத்தைக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

ஆசாரி வந்து மேடை எவ்வளவு உயரம், மேல் அலமாரி எவ்வளவு உயரம் என்று கேட்டார். "அளவு யாருக்குங்க எடுக்கறது?"

அம்மா நல்ல உயரம். அத்தை அவர் தோளுக்குத்தான் வருவாள். அப்பா யோசிக்கவே இல்லை, தங்கையைக் கைகாட்டினார்.

"அம்முணிக்கே எடுத்துருங்க. அவதான நிக்கப் போறா."

அம்மாவுக்குக் கோழிப்பண்ணை இருந்தது. ரிக் ஆட்கள் ஒன்பது பேருக்கும் எங்களுக்கும் மூன்று வேளையும் பொங்கிப்போட்டவள் அத்தைதான். அவளைச் சுவரோரம் நிறுத்தி, கையைத் தூக்கச் சொன்னார்கள். விரல் நுனி பட்ட இடத்தில் நான் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். இவ்வளவு பெரிய வீட்டில் ஒருத்திக்கென்று அளவெடுத்துச் செய்தது அந்த ஓர் அறைதான். எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கும் அளவெடுக்கச் சொல்லி ஆசாரியின் காலைச் சுற்றினேன். அந்த மேடையில் வேலை செய்தால் அம்மாவுக்கு முதுகு வலித்தது. அதைச் சாக்காக வைத்து அவர் கடைசிவரை அந்தப் பக்கமே போகவில்லை.

அப்பா கெட்டவர் என்று சொன்னால் எங்கள் ஊர் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளாது. தங்கை மேல் உயிரையே வைத்திருந்தவர் என்றுதான் அவருக்குப் பேர். வருகிற வரன்களை எல்லாம் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லியே அனுப்பிவைத்தார். எனக்கு அவர் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

கிளிப் பலகையை வீணாக்க ஆசாரிக்கு மனம் வரவில்லை. அடுப்புக்கு நேர் மேலே வரும் அலமாரிக்கு அதையே கதவாக அறுத்து வைத்தார். அத்தை அதைப் பார்த்த அன்று சாயங்காலம் அப்பாவிடம் வந்து நின்றாள். அவள் எதையாவது கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"ஏனுங்கண்ணா, கதவுக்கெல்லாம் பச்சப் பெயிண்ட் அடிச்சுரலாங்களா?"

"நல்ல வாகைய யாராச்சும் பெயிண்ட் பூசி மூடுவாங்களா அம்முணி? மரந் தெரியோணும்னுதான இத்தன பாடு."

அவள் "செரிங்கண்ணா" என்று உள்ளே போய்விட்டாள். மறுநாள் ஆசாரிக்குக் காப்பி கொடுக்கும்போது மெல்ல ஏதோ சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கதவுகளை மாட்டி முடித்தபோது கிளிகளைக் காணோம். அலமாரியைத் திறந்து பார்த்தேன். கிளிகள் உள்பக்கம் திரும்பி, பருப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வீட்டிலேயே அழகான பொருளை இருட்டில் போட்டு அடைத்துவிட்டார்கள். நேரே அப்பாவிடம் ஓடி, "ஆசாரி தப்பா மாட்டிட்டாருங்கப்பா" என்று புகார் சொன்னேன். அப்பா ஆசாரியைக் கடிந்துகொண்டார். ஆசாரி அத்தையைக் காட்டிக்கொடுக்கவில்லை. வயசாயிருச்சுங்க, கவனிக்கலீங்க என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு கதவைக் கழற்றித் திருப்பி மாட்டினார். நான் பக்கத்தில் நின்று கை தட்டினேன்.

புதுமனை புகுவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அந்தக் கதவின் முன்னால் நின்றார்கள். கிளிகளைக் கண்டுபிடித்த மாதிரி நான் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். ஒரு பெரியம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "இது கட்டலு தலமாடாட்ட இருக்குதே" என்றார். அத்தை அடுப்பில் இருந்த பாலைத் துழாவிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்குத் தரகர் யாரும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

கூட்டமெல்லாம் போன மறுநாள், கிளிக் கதவின் மேல் ஒரு கரித்துணி தொங்கியது. அத்தை இரண்டு ஆணி அடித்து மாட்டியிருந்தாள். நான் அதை எடுத்தெறிந்தேன். அடுத்த நாள் மறுபடியும் தொங்கியது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எடுப்பேன், விடிந்தால் அங்கேயே இருக்கும். எத்தனை நாள் இப்படி நடந்தது என்று தெரியாது. ஒரு நாளும் அவள் என்னைத் திட்டவில்லை.

ஒருமுறை நானே சண்டைக்குப் போனேன். "துணிய வேற பக்கம் போடுங்க அத்த. கிளி தெரியமாட்டீங்குது."

"அது கெடக்கட்டும் சாமி. நான் பாத்தாச்சு" என்றாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

அவளுக்கு அழகான எதுவும் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே போனேன். அன்றைக்கு எனக்கு அந்தக் கிளிகளை நினைத்துத்தான் பாவமாக இருந்தது.