சத்தியப் படியில் ஏறி இறங்கியவர்கள்

எங்கள் வீட்டு மனிதர் ஒருவர் ஜில்லா போர்டு மெம்பர் ஆனதை நான் கண்ணால் பார்த்தேன். ஆன பிறகு அவர் என்ன ஆனார் என்பதையும் அடுப்படியில் இருந்தபடியே பார்த்தேன். அதன் பிறகு மாலையும் கழுத்துமாக வருகிற யாரைக் கண்டும் எனக்குக் கும்பிடத் தோன்றியதில்லை.

அவர் என் கணவரின் அண்ணன். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாமா என்று கூப்பிடுவேன். நேரில் நின்று பேசுவது கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று, அவர் மனைவி வழியாகத்தான் பேச்சு. திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே கடலையும் பருத்தியும் விளைகிற மேட்டாங்காட்டு ஊர் எங்களுடையது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பண்ணையம். அண்ணன் பேசுவார், தம்பி தலையாட்டுவார். என் கணவருக்குத் தலை இருந்ததே அதற்குத்தான் என்று கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் பிறந்த ஊர் திருமணிமுத்தாற்றுக்கு அக்கரையில். காலையில் வண்டி கட்டினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். அங்கே அம்மா, அப்பா, ஒரே அண்ணன்.

வெள்ளைக்காரன் ஆட்சி அப்போது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கட்சிக்கு ஒரு நிறத்தில் பெட்டி வைத்து ஓட்டு வாங்கினார்கள். மாமா பச்சைப் பெட்டியில் நின்றார். அவரை எதிர்த்து நின்ற சிவப்புப் பெட்டிக்காரருக்கு என் அண்ணன்தான் வலது கை. ஊர் ஊராகப் போய் மாமாவைத் திட்டியது அவன். மாமா பதிலுக்கு என் பிறந்த வீட்டையே திட்டினார். நான் இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு கேழ்வரகு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தேர்தல் எங்கள் ஊரை இரண்டாகக் கிழித்துப் போட்டது. பச்சைக்காரர் வீட்டுக்கு வந்து போன நாவிதர் சிவப்புக்காரர் வீட்டுக்குப் போகக்கூடாது. ஒரு கிணற்றில் பங்குள்ள பங்காளிகள் பேச்சை நிறுத்தினார்கள். தண்ணீருக்கு நடுவில் வேலி போட முடியாததால்தான் கிணறு தப்பித்தது. ஓட்டுப் போட்ட அன்று சாவடியில் தடிச்சண்டை. எங்கள் பண்ணையத்தில் ஏர் ஓட்டிய ஆள் மாமாவின் மேல் விழ இருந்த அடியைக் கையால் தடுத்தார். கை ஒடிந்தது. வைத்தியர் வைத்துக் கட்டியும் கோணலாகத்தான் கூடியது. மாமா அவரைத் தோளில் தட்டி, "நீ எனக்குத் தம்பி மாதிரி" என்றார். கூடப் பிறந்த தம்பி அப்போது வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தார்.

மாமா ஜெயித்தார். அதற்கடுத்த மாதம் என் அம்மா படுக்கையில் விழுந்தாள்.

வளையல்காரர் வந்து சேதி சொன்னார். வாயில் கஞ்சி இறங்கவில்லையாம், என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். நான் மாமாவின் மனைவியிடம் சொன்னேன். அந்த அக்கா உள்ளே போய்க் கேட்டாள். அவர் என் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னார்.

"மெம்பர் ஊட்டுப் பொம்பளை செவப்புக்காரன் ஊட்டு வாசல்ல போயி நிக்கறதா? எனக்கு ஓட்டுப் போட்டவன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது? நமக்குன்னு ஒரு கொள்கை இருக்குது."

கொள்கை என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். என்ன அர்த்தம் என்று கணவரிடம் கேட்டதற்கு, "அண்ணன் சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்றார்.

அம்மா ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாள். என்னைக் கூட்டிப்போக அண்ணனாவது வருவான் என்று பார்த்தேன். அவனும் வரவில்லை. பச்சைக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றால் அவன் கட்சிக்காரர்கள் சிரிப்பார்களாம். கடைசியில் இழவு சேதி வந்தது. அப்போது மாமா பெருந்தன்மையாக, "சாவுக்குப் போறத யாரு வேண்டாங்கறது, வண்டியக் கட்டுங்க" என்றார். நான் போனபோது அம்மாவின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். பதினாறு முடிந்த மறுநாளே வண்டி வந்து என்னைத் திருப்பிக் கொண்டுபோனது.

அதற்குப் பிறகுதான் போர்டுக்குப் பிரசிடெண்டைத் தேர்ந்தெடுக்கிற சமயம் வந்தது. மெம்பர்கள் கூடிக் கைதூக்கினால் பிரசிடெண்டு. பச்சைக்கு ஒரே ஒரு ஆள்தான் அதிகம். ஒருவர் நழுவினால் போயிற்று. யார் நழுவுவார், யார் நழுவ மாட்டார் என்பதைத் தவிர ஊரில் வேறு பேச்சில்லை. கடலை பிடுங்குகிற பெண்கள்கூடக் காட்டில் அதைத்தான் பேசினார்கள். எங்கள் மாமா மட்டும் நழுவ மாட்டார் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். சம்பந்தி வீட்டையே ஒதுக்கி வைத்த வைராக்கியசாலி அல்லவா.

பச்சைக் கட்சிப் பெரியவர்கள் யாரையும் நம்பவில்லை. சலனப்படக்கூடிய மெம்பர்களை எல்லாம் ஒரு வண்டியில் ஏற்றித் திருச்செங்கோட்டு மலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வழக்கு வியாஜ்யங்களில் சத்தியம் செய்வதற்கென்றே பேர்போன படி ஒன்று இருக்கிறது. அதில் பொய் சொன்னவன் குலம் விளங்காது என்று எங்கள் பக்கம் முழுவதும் நடுங்குவார்கள். அந்தப் படியில் கற்பூரம் கொளுத்தி, கட்சி மாற மாட்டோம் என்று அடித்துச் சத்தியம் செய்தார்கள். கூட்டிப்போனதும் முதல் ஆளாகச் சத்தியம் செய்ததும் எங்கள் மாமாதான்.

சத்தியம் செய்தவர்களை அப்புறமும் நம்பாமல் எங்கள் தோட்டத்துச் சாளையில் கொண்டுவந்து அடைத்தார்கள். சாளை என்பது தோட்டத்திலேயே குடியிருக்கக் கட்டின வீடு. கூட்டம் நடக்கும்வரை அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். வாசலில் தடியோடு ஆள். சமைத்துப் போட அக்காவும் நானும்.

ஜில்லாவை ஆளப் போகிறவர்களை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிற பாக்கியம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும். ஒருவர் மூக்குப்பொடி தீர்ந்துபோய்க் குழந்தை மாதிரிக் கண்ணீர் விட்டார். ஒருவர் காவேரி மீன் இல்லாமல் கை நனைக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். டவுனிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் தியாகத்தைப் பற்றிப் பேசிவிட்டு, கோழிக் குழம்பில் தனக்கு ஈரல் வரவில்லை என்று மறுபடியும் ஆள் அனுப்பினார். பக்கத்தில் படுத்திருப்பவன் ஓடிவிடுவானோ என்று ஒவ்வொருவருக்கும் சந்தேகம். ஒருவர் கொல்லைக்குப் போனால் இன்னொருவர் செம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். ரோட்டைப் பற்றியோ, பள்ளிக்கூடத்தைப் பற்றியோ, அம்மைக் காலத்தில் ஊசி போடுவதைப் பற்றியோ ஒரு வார்த்தை அந்தச் சாளையில் நான் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். சோளக்காட்டை விலக்கிக்கொண்டு என் அண்ணன் வந்தான். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்திருந்தான். அம்மாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"அம்மிணி, உங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை போட்டு வையி. எங்க பக்கம் வந்தா வைஸ் பிரசிடெண்டு அவருக்குத்தான். பெரியவங்க ஒத்துக்கிட்டாங்க."

"இதைச் சொல்லத்தான் வந்தியா?"

"நேரமில்ல சாமி. உன்னால ஆகும்னுதான் என்னைய அனுப்பிச்சாங்க."

"அம்மா கெடையில கெடந்தப்ப இந்தச் சோளக்காட்டு வழி உனக்குத் தெரியலீங்களா?"

அண்ணனை ஒருமையில் கூப்பிட்டுத்தான் பழக்கம். அன்றைக்கு 'ங்க' வந்தது. மரியாதையால் வந்ததில்லை. அவனுக்கும் அது புரிந்தது. துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

"நான் சொல்ல மாட்டேன். போயிரு."

போனான். என்னிடமிருந்து போனவன் ஊருக்குப் போகவில்லை. பருத்திக்காட்டில் இருந்த என் கணவரைப் பிடித்துக்கொண்டான். மத்தியானம் சாப்பாட்டின் போது என் கணவர் தன் அண்ணன் பக்கத்தில் குந்தி, காதில் ஏதோ சொன்னதை நான் பார்த்தேன். மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. கோபப்படவில்லை, முகம்கூட மாறவில்லை. மோர் ஊற்றச் சொல்லி, நிதானமாகச் சாப்பிட்டு எழுந்தார். அந்த நிதானத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அம்மாவைப் பார்க்க அனுப்பச் சொல்லி நான் கெஞ்சியபோது அந்தக் காதில் ஒரு வார்த்தை போடாத மனிதர், இதற்கு மட்டும் வாய் திறந்தார்.

கூட்டத்தன்று எல்லோரையும் மோட்டாரில் ஏற்றினார்கள். அக்கா ஆரத்தி எடுத்தாள். மாமா பச்சைக் கரை வேட்டி கட்டியிருந்தார்.

டவுனில் என்ன நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். பச்சைக்காரரின் பெயரைச் சொல்லிக் கை தூக்கச் சொன்னபோது மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சிவப்புக்காரரின் பெயர் வந்தபோது கை தூக்கினாராம். சாளையில் தியாகம் பேசிய வக்கீலும் தூக்கினார். தனித்தனியாக வலை விரித்திருக்கிறார்கள். ஒருவருக்கு மற்றவர் சங்கதி தெரியாது. மூக்குப்பொடிக்கு அழுதவர் மட்டும் சொன்ன சொல் மாறாமல் நின்றாராம். அவரை யாரும் கேட்கவே இல்லை என்று பின்னால் தெரிந்தது.

மறுநாள் காலை வாசலில் மோட்டார் வந்து நின்றது. மாமா இறங்கினார், கழுத்தில் ரோஜா மாலை. பின்னாலேயே என் அண்ணன் இறங்கினான். இருவரும் தோளில் கை போட்டிருந்தார்கள். ஊர் கூடிவிட்டது. மாமா அங்கேயே நின்று, ஊர் நன்மைக்காகத் தன் சொந்த அபிப்பிராயத்தைத் தியாகம் செய்ததாகச் சொன்னார். கை ஒடிந்த ஏர்க்காரர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். மாமா முடித்ததும் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, இனி நாம எந்தப் பெட்டிங்க?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாமா மாலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார்.

"செவப்புக் கட்சிக்காரங்க மத்தியானம் சாப்பிட வாராங்க. பெரிய சட்டியா வையுங்க" என்றார் அக்காவிடம். என் அண்ணன் அடுப்படி வாசல்வரை வந்து, சிரித்தபடி சொன்னான்.

"அம்மிணி, இனி ஒரு தடையுமில்ல. நீ எப்ப வேணும்னாலும் நம்ம ஊட்டுக்கு வரலாம்."

எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தேன். கை கழுவினேன். அந்த வீட்டுக்கு வந்து ஏழெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, கதவுக்குப் பின்னால் நில்லாமல் ஆண்கள் உட்கார்ந்திருந்த முன்கூடமான ஆசாரத்துக்குள் நடந்து மாமாவுக்கு முன்னால் நின்றேன்.

"எங்க ஊட்டுக்குப் போறனுங்க. கொள்கை தடுக்காதுங்களே" என்றேன்.

என் கணவர் தன் அண்ணன் முகத்தைப் பார்த்தார். மாமாவின் முகம் மாலைக்கு மேலே கறுத்துப்போயிருந்தது. நான் இறங்கி நடந்தேன். எனக்குப் பின்னால் கொஞ்ச தூரம் அந்த ஏர்க்காரர் வந்து, "நடக்காதீங்கம்மா, வண்டி பூட்டறேன்" என்றார். ஒற்றைக் கையால் அவர் மாட்டைப் பூட்டியதற்கு நானும் கைகொடுத்தேன். மத்தியான விருந்து அக்கா தனியாகச் சமைத்ததில் அடிப்பிடித்துப்போனதாம். சிவப்புக் கட்சிக்காரர்கள் அதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அப்பா வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அவங்க ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாங்களாமே" என்றார்.

"ஆமாங்கப்பா."

"உங்கம்மா இன்னம் ரெண்டு மாசம் இருந்திருக்கலாம்" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஒரு அறுவடை முழுக்க அங்கேயே இருந்தேன். அண்ணன் இருக்கும் வேளையில் நான் வெளியே வரவில்லை. என் கணவர் இரண்டு தடவை வந்து, வாசலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை, தனி அடுப்பு என்றால் வருகிறேன் என்றேன். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டுச் சொல்வதாக இருந்தால் வரவே வேண்டாம் என்றேன். கட்டிலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "செரி" என்றார். அவர் தன் வாழ்நாளில் யாரையும் கேட்காமல் சொன்ன முதல் செரி அது. அதற்காக அவரை ஓரளவு மன்னித்தேன், முழுக்க இல்லை.

பாகம் பிரிந்தது. கிழக்குத் தோட்டத்தில் இரண்டு அங்கண வீடு கட்டிக் குடி போனோம். ஏர்க்காரரும் எங்களோடு வந்துவிட்டார். மாமா வைஸ் பிரசிடெண்டாக இருந்து, தன் தோட்டத்து வாசலோடு முடிகிற ஒரு ரோடு போட்டுக்கொண்டார். சிவப்பு ஆட்டம் கண்டதும் பச்சைக்குத் திரும்பினார். அப்புறம் இன்னொரு நிறமும் வந்தது, அதற்கும் போனார். ஒவ்வொரு தடவையும் ஊர் நன்மைக்காகத்தான். என் அண்ணன் அவரோடேயே கட்சி மாறி மாறி, கடைசியில் அவருக்கு எடுபிடி ஆனான். அம்மாவின் திவசத்துக்கு நான் போனால், மாமாவின் அடுத்த கூட்டத்தைப் பற்றித்தான் பேசுவான்.

பாகத்தில் கொஞ்சம் நிலம் என் பெயருக்கு எழுதியிருந்ததால் எனக்கும் ஓட்டு வந்தது. அடுத்த தேர்தலில் மாமா கும்பிட்டபடி என் வாசலுக்கே வந்தார். கதவுக்குப் பின்னால் நிற்க எனக்கு இப்போது கதவு ஒன்றும் பெரிதாக இல்லை. மோர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நம்ம பெட்டி எதுன்னு தெரியுமல்ல கண்ணு" என்றார்.

"உங்களுதுதானுங்க எதுன்னு தெரியல" என்றேன்.

மோரை மிச்சம் வைக்காமல் குடித்தார். கோபம் வந்தாலும் குடிப்பதை நிறுத்துகிற ஆள் இல்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்தத் தடவையும் அவர்தான் ஜெயித்தார். என் ஊர் ஜனங்களைப் பற்றியும் எனக்கு அதற்கு மேல் உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததில்லை.